அந்நியத் திசுவும் நம் உடலும்: இதய வால்வின் வரலாறு

திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவர், பொறியாளர் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய கூண்டும் பந்துமான வால்வை மனித இதயத்தில் பொருத்தி வெற்றி கண்டார். உடல் அதை எதிர்க்கவில்லை. ஆயினும் அதன்மீது இரத்தம் உறையும் அபாயம் இருந்தது. ஆயுள் முழுவதும் மாத்திரை உட்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே மருத்துவர்கள் இயற்கைத் திசுவை நாடினர். 1962-இல் லண்டனில் டொனால்ட் ராஸ் இறந்த ஒருவரின் வால்வைப் பொருத்தினார். கொடை வால்வுகள் போதாமையால் 1965-இல் பாரிஸில் பன்றியின் வால்வு பயன்படுத்தப்பட்டது. அவை சில ஆண்டுகளிலேயே சிதைந்தன. அந்நியப் புரதத்தை நம் உடல் அடையாளம் கண்டுகொண்டது. அலான் கார்பாந்தியே 1960-களின் இறுதியில் இதற்கு வழி கண்டார். குளூட்டரால்டிஹைடு கரைசலில் ஊறவைத்தால் திசுவின் புரத இழைகள் பிணைந்து இறுகி, எதிர்ப்பைத் தூண்டும் கூறுகள் பெரிதும் மறைந்துவிடுகின்றன. முழு இதயத்தை மாற்றிக்கொண்டோர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள, திசு வால்வு பெற்றோருக்கு அது தேவைப்படாததன் காரணம் இதுவே.

மறைத்தல் முழுமையானதன்று. ஆல்பா-கால் என்னும் ஒரு சர்க்கரைக் கூறு மாட்டிலும் பன்றியிலும் உண்டு, மனிதரிடம் இல்லை. குடல் நுண்ணுயிர்களின் தூண்டுதலால் அதற்கெதிரான பொருள்கள் நம் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. எஞ்சிய கூறுகளை அவை தாக்குவதும், வால்வில் சுண்ணாம்பு படிய ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இளையோரிடம் வால்வு விரைவில் தேய்கிறது.

நம் நாட்டின் துயரம் இங்கேதான். மேலைநாடுகளில் பெரும்பாலும் முதியோருக்கே வால்வு மாற்றப்படுகிறது. இங்கோ வாதக் காய்ச்சலால் இளம்பெண்களின் வால்வும் கெடுகிறது. அந்நோயே எதிர்ப்பாற்றலின் பிழைதான்: தொண்டைக் கிருமியைத் தாக்க எழுந்த படை சொந்த வால்வையே தாக்கிவிடுகிறது. தாய்மையை விரும்பும் பெண்ணுக்கு உலோக வால்வின் வார்ஃபரின் மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும்; திசு வால்வோ மறு அறுவையைக் கொண்டுவரும். எளியோருக்காக எம்.எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு விலை குறைந்தது. ஆனால் அதற்கும் மாத்திரை வேண்டும்.

பன்றி வால்வு கூடுமா என்று நம் குடும்பங்கள் தயங்குவது இயல்பே. 1985-இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் அகாதமி, அறுக்கப்பட்ட ஹலால் பிராணியின் உறுப்பைப் பொருத்த அனுமதித்தது; நிர்ப்பந்தத்தில் பிறவற்றையும் ஏற்றது. மாட்டின் இதய உறையால் செய்த வால்வுகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிந்தால் நிர்ப்பந்தம் என்ற நிலை பெரும்பாலும் எழாது.

குழந்தைக்குத் தொண்டை வலியைத் தொடர்ந்து மூட்டுகள் வீங்கினால் காலந்தாழ்த்தாது காட்டுங்கள். மூன்று வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசி, நோய் மீண்டும் வந்து வால்வைக் கெடுக்காமல் காக்கிறது.