மழலைப் பேச்சு

மழலை அல்லது மழலைப் பேச்சு என்பது சிறு குழந்தைகள் மொழியைக் கற்கும் பருவத்தில் பேசும் திருந்தாப் பேச்சைக் குறிக்கும். குழந்தையிடம் பெரியவர்கள் பேசும் குழைவான சொற்களையும் மழலை என்றே கூறுவதுண்டு. திருந்தாத பேச்சு எனினும் இது ஒழுங்கற்ற பேச்சன்று. எந்த மொழி பேசும் வீட்டில் பிறந்தாலும் குழந்தைகள் ஏறத்தாழ ஒரே படிகளைக் கடந்தே பேச்சுக்கு வருகின்றன.

வளர்ச்சிப் படிகள்

பிறந்த குழந்தைக்கு அழுகையே மொழி. இரண்டு அல்லது மூன்று மாதங்களில் 'ஆ', 'ஊ', 'ங்' போன்ற குழைவொலிகள் தோன்றும். தாய் பேசி நிறுத்தினால் குழந்தை ஒலிப்பதும், குழந்தை நிறுத்தினால் தாய் பேசுவதுமாக உரையாடலின் முறைமாற்றம் இப்பொழுதே தொடங்கிவிடுகிறது. ஆறு மாதத்திற்குப் பின் 'பபபப', 'மமமம', 'தததத' என ஒரே அசை அடுக்கி வரும். இவ்வசைகளுக்கு இன்னும் பொருள் இல்லை. 'மமமம' என்பதைக் கேட்டு அம்மாவை அழைத்துவிட்டதாக வீடு மகிழ்வது எங்கும் உள்ள வழக்கம். அவ்வாறு மகிழ்ந்து விடையிறுப்பதே அவ்வொலிக்கு நாளடைவில் பொருளைத் தருகிறது என்பதால் அம்மகிழ்ச்சியைத் தவறு எனக் கூற இயலாது.

பொருளோடு கூடிய முதற்சொல் பெரும்பாலும் ஓராண்டு நிறையும் காலத்தில் வரும். ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் 'அம்மா வா', 'பால் வேணாம்' என இரு சொற்கள் இணையும். இப்பருவத்தில் ஒரு சொல்லே பலவற்றைக் குறிக்கும். பறப்பன எல்லாம் காக்கா, நான்கு காலில் நடப்பன எல்லாம் நாய். தன்னை 'நான்' என்று கூறாமல் 'பாப்பாவுக்கு' என்றோ தன் பெயராலோ குறிப்பதும் இயல்பே. யார் பேசுகிறாரோ அவரே 'நான்' என்னும் மாறும் பொருள் குழந்தைக்கு எளிதில் விளங்குவதில்லை.

ஒலி மாற்றங்கள்

உதடுகளாலும் நுனிநாவாலும் எழும் ஒலிகள் முன்னும், நாவை வளைத்தும் அதிரச் செய்தும் எழுப்பும் ஒலிகள் பின்னும் கைவருகின்றன. தமிழில் ர, ற, ழ ஆகியன பிந்தி வருவன. 'ராஜா' என்பது 'லாஜா' ஆகும். 'பழம்' என்பது 'பயம்' அல்லது 'பலம்' ஆகும். ககரம் தகரமாகத் திரிவதும் உண்டு. 'காக்கா' என்பது 'தாத்தா' என ஒலிக்கும்பொழுது, குழந்தை முற்றத்துப் பறவையைக் காட்ட, திண்ணையில் இருக்கும் தாத்தா எழுந்து வருவார்.

குழந்தையின் பேச்சு தாய்க்கு விளங்குமளவிற்குப் பிறருக்கு விளங்குவதில்லை. இரண்டு வயதில் ஏறத்தாழப் பாதியும், நான்கு வயதில் அநேகமாக முழுவதும் அயலாருக்குப் புரியும் என்பது பொதுவான கணக்கு. இடைப்பட்ட காலத்தில் வீட்டார் மொழிபெயர்ப்பாளராக இருக்க நேர்கிறது. கேட்பது தெளிவாகத் தெரிந்தும் அதைச் சொல்ல இயலாத நிலையே இரண்டு வயதுக் குழந்தையின் பிடிவாத அழுகைக்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

பெரியவர்களின் மழலை

குழந்தையிடம் பேசும்பொழுது பெரியவர்கள் குரலை உயர்த்தி, மெதுவாக, சொன்னதையே திருப்பிச் சொல்லுவர். தமிழில் இதற்கெனத் தனிச் சொற்களும் உள்ளன: மம்மு (சோறு), ங்கா (பால்), தாச்சி (உறக்கம்), உவ்வா (காயம்), உம்மாச்சி (கடவுள்). இவை வட்டாரத்திற்கும் சமூகத்திற்கும் ஏற்ப வேறுபடும். இவற்றுட் பல, அம்மா, அப்பா, தாத்தா, பாப்பா என்பன போலவே, ஈரசையும் இரட்டித்த மெய்யும் கொண்டவை. உலகின் பல மொழிகளில் தாயைக் குறிக்கும் சொல்லில் மகரம் வருவதற்கு, பால் குடிக்கும்பொழுது எழும் மூக்கொலியே தோற்றுவாய் என மொழியியலாளர் ரோமன் யாக்கோபுசன் விளக்கினார்.

ஒலிநாடா, நிகழ்படம் ஆகியவை இவ்வுரையாடலுக்கு ஈடாவதில்லை. பட்ரீசியா கூல் குழுவினர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டை நேரில் பேசியவரிடமிருந்து கற்றன; அதையே திரையில் கண்ட குழந்தைகள் கற்கவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை பார்த்தலை உலக சுகாதார அமைப்பு 2019ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை. கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் பரவியுள்ள இக்காலத்தில் இது கருதத்தக்கது. நிலாவைக் காட்டி ஊட்டும்பொழுது ஊட்டுபவர் பேசியே ஆக வேண்டும்.

தமிழ் இலக்கியத்தில்

திருக்குறளின் 'மக்கட்பேறு' அதிகாரத்தில் 66ஆம் குறள், மழலையைக் கேளாதவரே குழலையும் யாழையும் இனியவை என்பர் என்னும் கருத்துடையது. பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்தை, குழந்தையின் முதல் ஒலிகளோடு தொடர்புபடுத்திப் பொருள் கூறுவாரும் உளர்.

பேச்சுத் தாமதம்

குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின்னாக இருப்பது இயல்பு. எனினும் 12 மாதத்தில் அசையடுக்கோ விரலால் சுட்டுதலோ இன்மை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இன்மை, 24 மாதத்தில் தானாக இரு சொற்களை இணைக்காமை, எவ்வயதிலும் கற்ற சொற்களை இழத்தல் ஆகியன மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. 'ஆண் பிள்ளை பிந்தித்தான் பேசும்' என ஆறுதல் கூறிக் காலங்கடத்துவது பரவலான தவறாகும். வீட்டில் இரு மொழிகள் பேசுவதும் பேச்சுக் குறைபாட்டிற்குக் காரணமன்று.

முதலில் சோதிக்க வேண்டியது செவித்திறனே. காது கேளாத குழந்தையும் தொடக்கத்தில் குழைவொலி எழுப்பும் என்பதால் பெற்றோர் ஐயுறுவதில்லை. அசையடுக்கு பிந்தும்பொழுதே குறை புலப்படும். பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் உதவி என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள வரிசை. சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தைகள் கைகளால் மழலை பேசுவதை 1991இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பிள்ளை வளர்ப்பான் எனப்படும் வசம்பைச் சுட்டு நாவில் தடவினால் பேச்சுத் திருந்தும் என்பது பழைய நம்பிக்கை. வசம்பில் நச்சுத்தன்மையுள்ள பீட்டா-அசரோன் உள்ளது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது.