திடலில் பெற்ற வெற்றியும் கல்லூரி வாயிலும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி நடைபெறும் ஓட்டப் பந்தயங்களில் நம் குடியிருப்புச் சிறுவர் சிறுமியர் பரிசு பெறும்பொழுது, பெற்றோர் உள்ளம் பூரிப்பது இயல்பே. ஆயின், அதே பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலில் நிற்கும் நாளில், அவன் கால்களின் விரைவு அவனுக்குத் துணை செய்யுமா? இவ்வினாவிற்கு விடை கூறுவது திடல் அன்று, சட்டமே. அச்சட்டம் வளர்ந்த வரலாற்றை எனக்கு எட்டிய அளவில் ஈண்டுத் தொகுத்துரைக்க விழைகின்றேன்.

தென்னாட்டில் உடற்பயிற்சியைக் கல்வியின் ஒரு பகுதியாக்கிய பெருமை ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கரைச் சாரும். அவர் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய அணியையும் வழிநடத்தினார். பல்கலைக்கழகங்களை ஒன்று சேர்க்கும் வாரியம் 1925-இல் அமைந்தது. 1935-இல் பல்கலைக்கழகங்களுக்கிடையே ரோஹிண்டன் பாரியா கோப்பைக்கான கிரிக்கெட் ஆட்டங்கள் தொடங்கின.

நாம் வாழும் இந்நகரின் நிலை யாது? திருப்பதியில் 1945-இல் தேவஸ்தானம் ஸ்ரீ வேங்கடேசுவரா கலைக் கல்லூரியை நிறுவியபொழுது, அது சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தது. திருப்பதி மாணவனும் சென்னை மாணவனும் ஒரே பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1954-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் எழுந்தது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இரயில் பாதை முன்போலவே ஓடிற்று. கல்லூரி விதிகளோ இரண்டாகப் பிரிந்தன.

விளையாட்டு என்பது அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனம். கல்வியும் தொடக்கத்தில் மாநிலப் பட்டியலிலேயே இருந்தது; 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் அது பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. எனவே கல்லூரி விளையாட்டு, ஒரு கால் மாநிலத்திலும் மறு கால் மத்தியிலும் ஊன்றி நிற்கின்றது.

அமெரிக்காவில் இச்சிக்கல் வேறு வகையினது. அங்குக் கல்லூரி ஆட்டங்கள் பெருவணிகம். 1972-இல் இயற்றப்பட்ட சட்டம் மகளிருக்கு விளையாட்டிலும் சம வாய்ப்பு அளித்தது. மாணவ வீரர் கல்வி சார்ந்து பெறும் உதவிகளுக்கு விளையாட்டுக் கழகம் விதித்த வரம்பு செல்லாது என்று 2021-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அங்கு வழக்கு பணத்தைப் பற்றியது; நம் நாட்டிலோ வழக்கு இடத்தைப் பற்றியது. கல்லூரியில் ஓர் இடம் கிடைக்குமா என்பதே நம் பிள்ளைகளின் கவலை.

தொடக்கத்தில் விளையாட்டுத் திறன் நேர்முகத் தேர்வுக்குள் அடங்கிக் கிடந்தது. மைசூர் மாநிலத்தில் பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வில் பொது அறிவு, ஆளுமை, தேசிய மாணவர் படை, விளையாட்டு ஆகியவற்றைக் கருதி மதிப்பெண் வழங்கினர். இம்முறையை எதிர்த்துச் சித்ரலேகா என்பார் தொடுத்த வழக்கில், 1964-இல் உச்ச நீதிமன்றம் இம்முறை செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. சுப்பா ராவ், 1954-இல் குண்டூரில் தொடங்கிய ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி அவரே. இம்முறை தவறாகக் கையாளப்பட்டால் அந்தத் தேர்வை நீக்கலாம் என்றும் அத்தீர்ப்பு இடம் வைத்தது.

அவ்விடத்தைப் பயன்படுத்தியது தமிழ்நாட்டு வழக்கொன்று. 1970-இல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பிற தொண்டுகள், உடல் வலிமை, பொதுத் திறன், நாட்டம் என ஐந்து தலைப்புகள் வகுக்கப்பட்டிருந்தன. ஆனால் தேர்வுக் குழுவினர் தலைப்புவாரியாக இடாமல், மொத்தமாக ஒரே எண்ணை இட்டனர். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது சட்டத்திற்கு முரணானது என்று கண்டித்தது. அன்பர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். மொத்தமாக இடும் எண்ணுக்குள் ஓட்டக்காரனின் உழைப்பும் மறையலாம். வேண்டியவருக்குக் காட்டும் சலுகையும் மறையலாம். தனித்தனியே எழுதினால் இரண்டும் வெளிப்படும்.

1980-இல் அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரி எழுத்துத் தேர்வுக்கு 100-உம், நேர்முகத் தேர்வுக்கு 50-உம் வைத்தது மிகை என நீதிமன்றம் கூறிற்று. இவ்வாறு நேர்முகத்தின் ஆதிக்கம் குறைந்தது. விளையாட்டுக்கு இனி வழி, எழுதப்பட்ட தனி ஒதுக்கீடே என்றாயிற்று. ஆந்திரப் பிரதேசத்துப் பொறியியல் சேர்க்கையில் அது 0.5 விழுக்காடு, அதாவது 200 இடங்களுக்கு ஒன்று. சான்றிதழ்களை மாநில விளையாட்டு ஆணையம் சரிபார்த்து, பன்னாட்டுப் போட்டி, தேசியப் போட்டி, மாநிலப் போட்டி என்ற தரத்தின்படி வரிசையிடுகின்றது.

ஒதுக்கீடு வந்தபின் வேறொரு தடை எழுந்தது. சண்டிகரிலுள்ள பொறியியல் பல்கலைக்கழகமொன்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்வோரும் பள்ளித் தேர்வில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும் என விதித்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்நிபந்தனையை நீக்கியது. விளையாட்டு ஒதுக்கீட்டின் நோக்கம் விளையாட்டை வளர்ப்பதே. ஏட்டுக் கல்வியின் மதிப்பெண்ணை அங்கும் அளவுகோலாக்கினால் அந்நோக்கமே கெடும் என்பது தீர்ப்பின் சாரம்.

நிற்க. நம்மைப் போன்று பணியின் பொருட்டு இடம் மாறுவோர்க்கு முதன்மையான செய்தி ஒன்றுண்டு. அரசியலமைப்பின் 371-டி பிரிவின்கீழ் 1974-இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, கல்லூரி இடங்களில் 85 விழுக்காட்டை உள்ளூர் மாணவர்க்கு ஒதுக்கியது. உள்ளூர் என்பதற்குத் தாய்மொழி அளவன்று. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகள் அவ்வட்டாரத்தில் பயின்றிருக்க வேண்டும் என்பதே அதன் முதல் விதி. எஞ்சிய 15 விழுக்காட்டிற்கு, மாநிலத்தில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியரின் மக்களும் விண்ணப்பிக்கலாம் என 1979-இல் வழி செய்யப்பட்டது. 2014-இல் மாநிலம் பிரிந்தபின் இவ்விதிகள் மறு ஆய்வுக்கு வந்துள்ளமையால், அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் படித்தறிதல் இன்றியமையாதது.

என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு மாற்றலாகி வந்தார். மகனின் படிப்புக் கெடலாகாது என்று ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளைப் பாட்டி வீட்டிலேயே முடிக்க வைத்தார். 400 மீட்டர் ஓட்டத்தில் நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை அவன். பன்னிரண்டாம் வகுப்பை இங்கு முடித்துச் சேர்க்கைக்குச் சென்ற அன்றுதான், நான்காண்டுத் தொடர்ச்சி இல்லை என்பது தெரிந்தது. தந்தையின் பணிச் சான்றினால் வேறு வழி உண்டென்பதையும் எவரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை; சான்று கொண்டு செல்வதற்குள் நாள் கடந்துவிட்டது. அப்பிள்ளை இன்று வேறு படிப்புப் படித்து நலமாக இருக்கின்றான். ஆயினும் ஓடுவதை விட்டுவிட்டான். இதனை எண்ணும்பொழுதெல்லாம் என் மனம் வருந்துகின்றது.

அறுபதாண்டு வரலாறு நமக்குக் கூறுவது ஒன்றே. விளையாடும் பிள்ளைக்கு நீதி கிடைப்பது பெரியோர் மனமிரங்குவதால் அன்று. விதி எழுத்தில் இருப்பதாலும், அவ்வெழுத்தை நாம் அறிந்திருப்பதாலுமே. ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எட்டாம் வகுப்பை முடிக்கும்பொழுதே படிப்புச் சான்றுகளையும் போட்டிச் சான்றுகளையும் ஆண்டுவாரியாகத் தொகுத்து வைக்கும் பழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படுத்துவோம். ஆண்டுதோறும் கோடையில் சேர்க்கை விதிகளை வாசித்து விளக்க ஒரு மாலைப் பொழுதைச் சங்கம் ஒதுக்கட்டும். திடலில் பிள்ளைகள் ஓடட்டும். விதிகளைத் தேடி ஓடும் பொறுப்பைப் பெற்றோராகிய நாம் ஏற்போமாக.