அம்பாசிடர் டீசல் என்ஜின்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசிடர் காரில் மார்க் 4 வடிவத்தின் காலத்திலிருந்து பொருத்திவந்த 1489 சிசி, நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் இது. டீசல் என்ஜினோடு தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்த முதல் இந்தியக் கார் என்ற பெயரை அம்பாசிடருக்குத் தந்தது. கார் உருவானது மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில். சென்னையின் மேற்குப் பக்கத்துக்கும் இந்த நிறுவனத்துக்கும் நேரடி உறவு 1998இல் திருவள்ளூர் ஆலையோடுதான் வந்தது. ஆனால் அரசு வண்டியாகவும் வாடகை வண்டியாகவும் அம்பாசிடர் அதற்கு வெகு முன்பே ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த என்ஜினின் மூலவடிவம் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசை பெட்ரோல் என்ஜின். 1947இல் ஆஸ்டின் ஏ40 காரில் 1200 சிசியாகத் தொடங்கிய வரிசை அது. பின்னர் 1489 சிசியாக வளர்ந்து, எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கைப் பந்தயப் பாணிக் காரிலும் ஓடியது. அதே அளவில் டீசல் வடிவம் 1960களின் தொடக்கத்தில் வந்தது. ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்களுக்கும் சிறு வேன்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது அம்பாசிடர் என்பதால், இந்தியாவுக்கு இந்த என்ஜின் உறவு வழியிலேயே வந்தது எனலாம். 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. அரசு டீசல் விலையைத் தாழ்வாக வைத்திருந்தது. வாடகைக்கு வண்டி ஓட்டுபவருக்கு அந்த இடைவெளிதான் வருமானம்.

சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. அழுத்த விகிதம் 23:1. திறன் சுமார் 37 குதிரைத்திறன். இதே அளவு பெட்ரோல் என்ஜின் ஐம்பதை ஒட்டித் தந்தது என்பதால், டீசலுக்கு மாறியவர் திறனில் ஏறத்தாழ கால் பங்கை விட்டுக்கொடுத்தார். டீசல் நேராக பிஸ்டன் மேல் பீய்ச்சப்படுவதில்லை. சிலிண்டர் ஹெட்டில் உள்ள ரிக்கார்டோ ‘காமெட்’ வகைச் சுழல் அறைக்குள் எரியத் தொடங்கி, அங்கிருந்து சிலிண்டருக்குள் பாய்கிறது. சத்தம் சற்றுக் குறையும். ஆனால் அறையின் சுவர் வெப்பத்தை விழுங்கிவிடுவதால் குளிர்ந்த என்ஜின் தானாகப் பற்றாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வேண்டும். சாவியைத் திருப்பிக் காத்திருந்து பிறகு செல்ஃப் அடிக்கும் பழக்கம் அப்படி வந்தது.

இதன் கோளாறுகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. பெட்ரோலுக்கென ஏழெட்டு மடங்கு அழுத்தத்துக்கு வரையப்பட்ட என்ஜின் குடும்பத்தின் மேல் இருபத்து மூன்று மடங்கு அழுத்தத்தை ஏற்றினார்கள். கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்குகள். இருப்புநிலை வேகத்தில் வண்டி முழுக்க நடுங்குவது நான்கு சிலிண்டர் டீசலின் இயல்புதான் என்றாலும், என்ஜின் மவுண்ட் ரப்பர் நைந்துவிட்டால் அது தாங்க முடியாததாகிவிடும்.

கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. எண்ணெயைத் திருகி உள்ளே திருப்பியனுப்பும் வரிப்பள்ளம் மட்டுமே உண்டு. என்ஜின் புதிதாக இருக்கும்வரை அது போதும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்ததும் எரிந்த வாயு கீழே இறங்கி, சம்ப் என்னும் ஆயில் தொட்டிக்குள் காற்றழுத்தம் கூடுகிறது. எண்ணெய் பின்வழியாகக் கசிந்து கிளட்ச் தட்டை நனைக்கிறது. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழுவதைப் பார்த்துக் கிளட்சை மட்டும் மாற்றுவது வீண் செலவு. தேய்மானம் மேலே இருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியில் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல் விழும். பிளக் நன்றாக இருந்தும் வண்டி பற்றாததும் உண்டு. பிளக் நுழையும் துளையில் கரி இறுகி முனையை மூடிவிடும். துளையைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் புதுப் பிளக் போட்டால் அதுவும் சீக்கிரம் எரிந்துபோகும். டீசல் தீர்ந்து வண்டி நின்றால் குழாயில் காற்று புகுந்துவிடும். ஃபில்டரிலும் சி.ஏ.வி. இன்ஜெக்ஷன் பம்பிலும் நாசில் முனையிலும் வரிசையாக ஏர் எடுக்காமல் நகராது.

இன்னும் கவனிக்க வேண்டியது ஆயில் அளவு. அது குறைந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். கூடினால் யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த என்ஜினில் கூடுவதும் ஆபத்துதான். டீசலை இறைக்கும் சிறு பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலோ, இன்ஜெக்ஷன் பம்பின் சீல் போனாலோ டீசல் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. பேரிங் தேய்ந்து தட்டும்போதுதான் பலருக்குத் தெரியவரும். டிப் ஸ்டிக்கைத் துடைத்து முகர்ந்து பார்த்தால் முன்பே தெரிந்திருக்கும்.

சென்னை வெயிலில் ரேடியேட்டர் அடைப்பு, ஹெட் கேஸ்கெட் எரிதல், ஹெட்டில் விரிசல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடியவை. வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை நாசில் அல்லது பம்ப் அளவின் குற்றம். நீலப் புகை ரிங்கின் குற்றம்.

இத்தனைக்குப் பிறகும் இந்த என்ஜின் பிழைத்ததற்குக் காரணம், இதைச் சரிசெய்யத் தனி நிறுவனப் பட்டறை தேவைப்படவில்லை என்பதே. கம்ப்யூட்டர் கிடையாது, ஓவர்ஹெட் கேம் கிடையாது, வார்ப்பிரும்புத் தொகுதி. போரிங் செய்யலாம், ஸ்லீவ் இறக்கலாம், கிராங்கைக் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம், ஹெட்டைத் தளம் பிடிக்கலாம். இதற்கெல்லாம் வேண்டியது லேத், போரிங் இயந்திரம், கைப்பழக்கம். சென்னையின் பாடி பகுதியில் 1960களில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா எழுந்ததும், அருகிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்ததும் இந்த வேலைகள் தெரிந்த ஒரு தலைமுறையை இந்தப் பக்கத்தில் உருவாக்கின. ஸ்டார்ட்டரும் டைனமோவும் செய்யும் ஊரில் செல்ஃப் மோட்டார் சரிசெய்ய ஆள் தேட வேண்டியதில்லை. காரின் புகழைப் பேசுபவர்கள் இந்தப் பட்டறைகளை மறந்துவிடுகிறார்கள்.

பின்னாளில் இசுசுவின் 2 லிட்டர் டீசலும் அம்பாசிடரில் வந்தது. 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் அருகே தொழிற்சாலை திறந்து மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்தது. பெட்ரோலோடு 1998 சிசி டீசலிலும் அது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் டாடா இண்டிகா அறிமுகமாகி, வாடகை வண்டிச் சந்தையை மெல்ல எடுத்துக்கொண்டது. லான்சர் டீசலில் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட். பழைய அம்பாசிடர் மெக்கானிக்குக்குக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கோளாறுகள் பழகியவை. பெல்ட்டோ சத்தம் போடாமல் அறும், அறுந்தால் வால்வுகளை வளைக்கும். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுவதைத் தவிர வழியில்லை.

2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி வந்தபோது பழைய டீசலால் அதை எட்ட முடியவில்லை. நிறுவனம் 2013இல் விதிக்கேற்ற 1.5 லிட்டர் டீசலுடன் ‘என்கோர்’ வடிவத்தை வெளியிட்டது. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலை நின்றது.

இன்று இந்தப் பக்கத்தில் டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர் பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு அம்பத்தூர் அல்லது பூந்தமல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகுதிச் சோதனை காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தல் ஐந்தாண்டுக்குச் செல்லும். புகைச் சோதனைக்கு முன் நாசில்களைச் சோதனை பெஞ்சில் ஏற்றிப் பீய்ச்சலைப் பார்ப்பதும், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வதும், வால்வு இடைவெளியைச் சரிசெய்வதும் முதல் வேலைகள். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் இதே 1.5 லிட்டர் என்ஜின் இன்னும் ஓடுவதால், ஹெட் கேஸ்கெட், ரிங், பேரிங் போன்ற உதிரிகள் அங்கேயும் கிடைக்கின்றன.