உபகாரமா, உரிமையா?



நான் படித்த காலத்தில் கல்வி உதவித்தொகையை ‘உபகாரச் சம்பளம்’ என்று அழைப்பது வழக்கம். சரித்திர ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்த ஆண்டுகளில் அதற்கான விண்ணப்பங்கள் எத்தனையோவற்றில் கையொப்பமிட்டிருக்கிறேன். ஆயினும், ‘உபகாரம்’ என்ற அந்தச் சொல் என்னை எப்போதும் உறுத்தியே வந்தது. கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற நினைவை அது உண்டாக்கிவிடுகிறதன்றோ? வணிக நிர்வாகம் கற்க வரும் பெண்களுக்கென அமெரிக்க நாட்டில் தனி உதவித்தொகைகள் ஏற்பட்ட வரலாற்றைப் படித்தபின், அச்சொல் அவ்விடத்தில் சற்றும் பொருந்தாது என்ற எண்ணம் என்னுள் உறுதிப்பட்டது. அந்த வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

கதை ஒரு தையற்காரரிடம் தொடங்குகிறது. பாஸ்டன் நகரில் ஜான் சிம்மன்ஸ் என்பவர் வாழ்ந்தார். அந்நாளில் மேலங்கி வேண்டுவோர் தையற்காரரிடம் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருப்பர். சிம்மன்ஸோ, குறிப்பிட்ட சில அளவுகளில் ஆடவர் ஆடைகளை முன்கூட்டியே தைத்து அடுக்கி விற்கத் தலைப்பட்டார். வெட்டிய துணிகளைத் தைத்துக் கொடுத்தவர்கள் யாவர்? நியூ இங்கிலாந்து வட்டாரத்துப் பெண்களே. பலர் தம் வீட்டிலிருந்தபடியே தைத்தனர். அவர்கள் கைக்கு வந்த கூலி அற்பம். அவர்கள் ஊசி முனையில் திரண்ட செல்வமோ பெரிது. சிம்மன்ஸ் 1867இல் எழுதிய உயிலில், பெண்கள் தம் சொந்த உழைப்பால் சுதந்திரமாகப் பிழைப்பதற்குரிய கல்வியைத் தரும் கல்லூரி ஒன்றை நிறுவுமாறு தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஒதுக்கினார். இதை நன்றி என்பதா, கடனடைப்பு என்பதா? நான் கடனடைப்பு என்றே கொள்கிறேன்.

1870இல் அவர் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் பாஸ்டனின் வணிகப் பகுதியை ஒரு பெருந்தீ விழுங்கியது. 1872 நவம்பரில் மூண்ட அத்தீயில், உயிலுக்கு ஆதாரமாக நின்ற கட்டடங்கள் பெரும்பாலும் சாம்பலாயின. நிலம் எஞ்சியது, வாடகை நின்றது. அறங்காவலர்கள் மனந்தளரவில்லை. மீண்டும் கட்டடங்களை எழுப்பி, வருமானத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1899இல் கல்லூரிக்குச் சாசனம் பெற்றனர். 1902இல் வகுப்புகள் தொடங்கின. உயில் எழுதியவர் கண்மூடி அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி, அதே ஊரையொட்டி ஓடும் சார்லஸ் ஆற்றங்கரைக்கு வருவோம். 1908இல் தோன்றிய ஹார்வர்டு வணிகப் பள்ளி ஒரு கரையில். ராட்கிளிஃப் மகளிர் கல்லூரி மறுகரையில். வணிகப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. 1937இல் ராட்கிளிஃப் கல்லூரி, பணியாளர் நிர்வாகத்தில் ஓராண்டுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது; ஹார்வர்டுப் பேராசிரியர்களே வந்து கற்பித்தனர். பாடம் ஆற்றைக் கடந்தது, பட்டம் கடக்கவில்லை! இப்பயிற்சியை முடித்த பெண்கள் ஹார்வர்டின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சேரலாம் என 1959இல்தான் இசைந்தனர். 1963இல், முதலாண்டிலிருந்தே பயில 8 பெண்கள் சேர்க்கப்பட்டனர். உடன் பயின்ற ஆடவர் 600க்கும் மேற்பட்டோர். தங்க இடம் மட்டும் பழைய கரையில்தான். நாள்தோறும் பாலங் கடந்து வந்து படித்தனர்.

இங்கே நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். 1961இல் அகமதாபாத்தில் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகம் அதே ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்போடு வளர்ந்தது. அக்கழகத்தின் முதல் பேராசிரியராக அமர்ந்தவர் கமலா சௌத்ரி என்னும் பெண்மணி!

கதவு திறந்தால் போதுமா? கட்டணம் என்று ஒன்று உண்டே. ஆடவர் எவ்வாறு செலுத்தினர் என்று பாருங்கள். 1944இல் அமெரிக்க அரசு, போர் முடிந்து திரும்பும் வீரர்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம், அதன்மேல் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம். இதனால் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரி புகுந்தனர். அவர்களுள் பெண்கள் நூற்றுக்கு மூவர் அளவினரே. 1949இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பட்டம் பெற்ற வகுப்பினர் பெரும்பாலும் இவ்வீரர்களே. பிற்காலத்தில் பெரும் நிறுவனங்களின் தலைவர்களானோர் அவ்வகுப்பில் பலர். ‘உபகாரம் பெற்றவர்கள்’ என்று அவர்களை எவரும் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது; நாட்டுக்கு உழைத்தவர்க்கு நாடு செலுத்திய கைம்மாறு அது. ஆனால், ஒரு தலைமுறை நிர்வாகிகள் பொதுப் பணத்தில் உருவாகிய அந்த ஆண்டுகளில், பெண்கள் அவ்வகுப்பறைக்குள் உட்காரவே முடியாதிருந்தது என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் பார்க்கலாகாது.

அரசு தராவிட்டால் கடன் வாங்கலாமே என்பீர்கள். வணிகப் படிப்புக்குக் கட்டணம் மிகுதி; படிக்கும் இரண்டாண்டுச் சம்பளமும் இழப்பு. நாளைய சம்பளத்தை நம்பி ஆடவனுக்குக் கடன் கிடைக்கும். பெண் கேட்டால், கணவன் கையொப்பமோ தந்தை கையொப்பமோ வேண்டும் என்பது பல வங்கிகளின் வழக்கமாயிருந்தது. கடன் வழங்குவதில் ஆண், பெண் என்றும், மணமானவர், ஆகாதவர் என்றும் வேற்றுமை காட்டலாகாது எனச் சட்டம் பிறந்தது 1974இல்தான்.

ஏறக்குறைய அதே காலத்தில், தையற்காரரின் பணத்தில் எழுந்த சிம்மன்ஸ் கல்லூரியில், பெண்களுக்கென்றே ஒரு நிர்வாகப் பட்ட வகுப்பு அமைந்தது. அமைத்த இருவர் மார்கரெட் ஹென்னிக், ஆன் ஜார்டிம். இருவரும் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். உயர்பதவியை எட்டிய 25 பெண்களின் வாழ்க்கையை ஹென்னிக் ஆராய்ந்திருந்தார். அவ்வாராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு இருவரும் எழுதிய நூல் 1977இல் வெளிவந்தது.

ஆயினும் 2000ஆம் ஆண்டளவில், சட்டக் கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பெண்கள் பாதியளவை நெருங்கியிருக்க, முன்னணி வணிகப் பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இதன் காரணங்களை மிச்சிகன் பல்கலைக்கழகமும் கேட்டலிஸ்ட் என்னும் அமைப்பும் சேர்ந்து ஆராய்ந்தன. அதன் விளைவாக, வணிகப் பள்ளிகளும் நிறுவனங்களும் கூடி 2001இல் ஃபோர்ட்டே என்னும் அமைப்பை நிறுவின. அதிற் சேர்ந்த பள்ளிகள், வணிக நிர்வாகம் பயில வரும் பெண்களுக்கான உதவித்தொகையைத் தத்தம் நிதியிலிருந்தே வழங்கத் தொடங்கின.