நர்ஸுக்கு ஒரு சுமைதாங்கி

ஒட்டன்சத்திரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காய்கறி மார்க்கெட்! இன்று ஊர்ப்பெயரின் வாலில் இருக்கும் 'சத்திர'த்தைக் கொஞ்சம் பாருங்கள். வழிப்போக்கர்கள் இளைப்பாறும் இடம். ஐரோப்பாவில் 'ஹாஸ்பிஸ்' என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் இதே அர்த்தம்தான்!

குணமாகாத நோயாளிகள் வலியின்றிக் கடைசி நாட்களைக் கழிக்கும் இடமாக அதை மாற்றியதில் பெரும்பங்கு சிசிலி சாண்டர்ஸுக்கு. 1967-ல் லண்டனில் அவர் திறந்த ஹாஸ்பிஸுக்கு, பயணிகளைக் காக்கும் புனிதர் கிறிஸ்டோபரின் பெயரையே வைத்தார்.

சாண்டர்ஸ் டாக்டராவதற்கு முன்பு நர்ஸாக இருந்து, பிறகு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரானவர். 1948-ல் டேவிட் டாஸ்மா என்ற புற்றுநோயாளியைக் கடைசிவரை போய்ப் பார்த்து வந்தார். பாசம் வைத்தார். டாஸ்மா இறந்தபோது உடைந்தே போனார். ஹாஸ்பிஸ் கனவு பிறந்தது அந்த நட்பில்தான்.

ஆனால், அன்றைய ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் அழலாமா? கூடாது! லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றை ஆராய்ந்து, 1959-ல் இசபெல் மென்ஸீஸ் எழுதியதைக் கேளுங்கள். நோயாளிக்குப் பெயர் கிடையாது. படுக்கை நம்பரும் வியாதியும்தான். தூங்குகிறவரை எழுப்பித் தூக்க மருந்து கொடுத்தார்களாம்! எல்லாம் மனசு ஒட்டாமல் இருக்கத்தான். சீனியர்களிடமிருந்து ஆறுதலைவிட அதட்டலே அதிகம். பலன்? பயிற்சிக்கு வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள்.

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ், சாந்தி அவேத்னா, 1986-ல் மும்பையில் வந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸ் போகிறார். புண்ணைத் துடைக்கிறார், 'நான் பிழைச்சுக்குவேனா தாயி?' என்ற கேள்விக்கும் பதில் தேடுகிறார். அடுத்த வாரம் போனால், கட்டில் காலி!

அன்று மாலை மேலதிகாரி, 'எத்தனை வீடு முடிச்சே?' என்று மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்? 'அந்தப் பாட்டி போயிட்டாங்களாமே... உட்காரும்மா, டீ குடி. நாளைக்கு அந்தத் தெருவுக்கு வேற ஆளை அனுப்பறேன்' என்றால்? செலவு பத்து நிமிஷம். ஆனால், அதைக் கருணை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து ஸ்டாக்கைச் சரிபார்ப்பது போல, அதுவும் மேலதிகாரியின் வேலைதான்.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். அது யாருடைய மூட்டையையும் வாங்கிக்கொண்டு போவதில்லை. கொஞ்ச நேரம் இறக்கிவைக்க, தோள் உயரத்தில் ஓர் இடம். அவ்வளவுதான்! சத்திரம் கட்டிய நம் முன்னோர், மூட்டை சுமந்து நடப்பவரையும் மறக்கவில்லை. நாம்?