பாதி விலைப் பட்டாசு, முழு நட்டம்

தீபாவளி நெருங்கினால் ‘சிவகாசி நேரடி விலை’ விளம்பரங்கள் கைப்பேசியை நிறைக்கின்றன. இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை விதித்துவிட்டது என்பதைப் பலர் அறிவதில்லை.

விற்பவர் அறிந்த தரத்தை வாங்குபவர் அறியாத சந்தையின் சிக்கலைப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். இணையத்திலோ விற்பவர் யாரென்பதே தெரிவதில்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, நிறுவன முகவரியும் குறைதீர் அலுவலரின் பெயரும் தளத்தில் இடம்பெற வேண்டும். அவை இல்லையேல் விலகுவதே நலம். அறிமுகமற்ற தளத்தில் முன்பணம் செலுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பணத்தைத் திரும்பப் பெற யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் மோசடிக்காரர். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கைமாறுமுன் முடக்க அதுவே வழி.