குடவோலை ஊர் உத்திரமேரூர்



பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் புத்தகத்தில் "குடவோலை முறை பற்றிக் குறிப்பு வரைக" என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியை நாம் எல்லோரும் எழுதியிருப்போம். பானை, ஓலை, சிறுவன், சோழர் காலம்... அவ்வளவுதான் நினைவில் இருக்கும். தேர்வு முடிந்ததும் அதையும் மறந்துவிடுவோம். அந்தக் குடவோலைக்குப் பின்னால் ஒரு முழு ஊரே இருக்கிறது. அந்த ஊர் இன்றும் பேருந்து நிலையம், சந்தை, ஏரி, நெல் வயல் என்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியாக வாழ்ந்து கொண்டிருக்கிறது. அந்த உத்திரமேரூரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஊர் பிறந்த கதை

8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் வேதம் கற்ற அந்தணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர் இது. கல்வெட்டுகளில் இதன் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். சதுர்வேதிமங்கலம் என்றால் நான்கு வேதங்களும் கற்றவர்கள் வாழும் ஊர். மூன்று நிலைகளில் கருவறைகள் கொண்ட சுந்தரவரதப் பெருமாள் கோயில் பல்லவர் காலத்தின் அருமையான கட்டடக்கலை. ஆனால் வரலாற்று மாணவர்கள் தேடி வருவது பக்கத்தில் இருக்கும் சின்ன வைகுந்தப் பெருமாள் கோயிலைத்தான். அதன் சுவர்களில்தான் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதாவது கி.பி. 919, கி.பி. 921.

இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்கள்! முதலில் போட்ட விதிகள் போதவில்லை என்று தெரிகிறது. 919இல் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் என்று இருந்த தகுதி, 921இல் 35க்கு மேல் 70க்குள் என்று மாறியது. தகுதியற்றவர்கள் யார் யார் என்ற பட்டியலும் நீண்டது. சட்டம் போடுவது, நடத்திப் பார்ப்பது, ஓட்டை தெரிந்தால் அடைப்பது. இதை 1100 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர்ச்சபை செய்திருக்கிறது.

பானைக்குள் என்ன நடந்தது?

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட வேண்டும். சிறியவர் பெரியவர் அனைவரும் சபையில் கூட வேண்டும். ஊரில் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசை செய்வோர், ஒருவர் விடாமல் வந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். பிறகு அவர் உரக்கப் படிப்பார். நம்பிமார் எல்லோரும் அதையே படிப்பார்கள்.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா! மனிதர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

இப்படி எடுக்கப்பட்ட 30 பேரில், அனுபவமும் கல்வியும் வயதும் உள்ள 12 பேர் சம்வத்சர வாரியத்துக்குப் போனார்கள். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் இரண்டுக்கும் தனியாகக் குடவோலை எடுத்து ஆறு ஆறு பேர். பதவிக் காலம் 360 நாட்கள். பிறகு மூன்று ஆண்டுகள் கழியாமல் மறுபடி வர முடியாது. நடுவில் குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

ஏரிக்குத் தனி வாரியம் இருந்ததைக் கவனியுங்கள். கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று வரும் ஏரிதான் இந்த ஊரின் உயிர். மழை பொய்த்தால் நெல் இல்லை. கரை உடைந்தாலும் நெல் இல்லை. மதகும் கரையும் ஒருவர் வீட்டுச் சொத்து இல்லையே! அதைப் பார்த்துக் கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் ஆண்டுதோறும் மாற வேண்டும் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது.

கணக்கு காட்டாதவன் கதி

எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அதோடு விடவில்லை. அவனுடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் வரை ஒருவர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது! தான் நிற்க முடியாவிட்டால் மச்சானை நிறுத்தும் தந்திரம் இப்போதுதான் வந்தது என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

பெருமையும் அதன் எல்லையும்

"உலகத்தின் முதல் ஜனநாயகம்" என்று இந்த ஊரைப் பற்றி அடிக்கடி சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கல்வெட்டில் இருப்பதை முழுதாகப் படித்துவிட்டுப் பெருமைப்படுவோம்.

முதலாவது, இது வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். பழைய கிரேக்கத்து ஏதென்ஸ் நகரிலும் பல பதவிகளுக்குக் குலுக்கல்தான். நம் நாட்டிலேயே ஓலைக் குடத்தைப் பற்றிய குறிப்பு சங்க இலக்கியமான அகநானூற்றில் வந்துவிடுகிறது. ஆகவே 'முதல்' என்ற பட்டம் பொருந்தாது.

இரண்டாவது, குடத்துக்குள் யார் பெயர் போனது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கு மேல். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். கல்வி அதிகம் என்றால் அரைக்கால் வேலி போதும், ஆனால் வேதக் கல்வி கட்டாயம். ஆக, அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணின் பெயர் குடத்தில் இல்லை. ஏர் ஓட்டியவன் பெயர் இல்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவன் பெயர் இல்லை. அந்தக் குடத்தை வனைந்த குயவன் பெயரும் இல்லை!

அப்படியானால் இந்தக் கல்வெட்டுக்கு மதிப்பு இல்லையா? நிச்சயம் உண்டு. பதவிக்குக் கால வரம்பு, கணக்குக் காட்டும் கடமை, சொந்தக்காரனுக்குத் தடை, எல்லோர் கண் முன்னும் தேர்வு என்று அவர்கள் கண்டுபிடித்த வழிகள் அருமையானவை. அந்த வழிகளை ஒரு சிலருக்கு மட்டும் வைத்துக் கொண்டார்கள் என்பதுதான் குறை. அந்தக் குறையைத் தீர்க்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இட ஒதுக்கீடு தந்தன. 2016இல் தமிழ்நாடு பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது.

ஆனால் அதே 2016இல் இன்னொன்றும் நடந்தது. அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. புதிய தேர்தல் நடக்கவில்லை. தமிழ்நாட்டின் பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரு விளக்கும் குடிநீரும் அதிகாரிகள் கையில். உத்திரமேரூரும் அந்தப் பேரூராட்சிகளில் ஒன்று. 360 நாள் முடிந்ததும் அடுத்த குடம் வைக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்த ஊருக்கே இந்த நிலை!

அடுத்த முறை காஞ்சிபுரம் பக்கம் போனால் பட்டுப்புடவைக் கடையோடு திரும்பி விடாமல், கொஞ்சம் தெற்கே போய் அந்தச் சின்னக் கோயில் சுவரைப் பாருங்கள். எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை. பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வார்டு உறுப்பினர் யார், ஏரிக்கு எவ்வளவு செலவானது, கணக்கு எங்கே என்று ஒரு முறை கேளுங்கள். உங்கள் பெயரும் என் பெயரும் இன்று குடத்துக்குள் இருக்கிறதே!